கூரை மேடமும் தேயிலைச் சக்கையும்

எங்கள் வீட்டில் டீ வடிகட்டிய பிறகு மிஞ்சும் தேயிலைச் சக்கையைக் கொட்ட யாருக்கும் உரிமை கிடையாது. அது அப்பாவின் சொத்து. அடுப்படி ஜன்னலோரம் ஒரு பழைய பெயிண்ட் டப்பாவில் அதைச் சேர்த்துத் தண்ணீர் ஊற்றி, கறுத்துப் போய் வாடை அடிக்கும்வரை ஊற வைப்பார். வீட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் மூக்கைச் சுளித்துக்கொண்டு அங்குமிங்கும் பார்ப்பார்கள். "ஏதோ செத்துக் கெடக்கிற மாதிரி வாடை வருதே" என்று யாராவது கேட்டுவிட்டால், "செத்தது என் மானம்தான், நீங்க உக்காருங்க" என்பாள் அம்மா.

அப்பா கூரை மேஸ்திரி. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போடுவதுதான் தொழில். அதனால் தெருவில் அவருக்குப் பெயரே 'ஷீட்டு' என்று ஆகிவிட்டது. எங்கள் தெருவில் ஓடு போட்ட நாலைந்து வீடுகளைத் தவிர மற்ற எல்லாக் கூரையும் அவர் கைவேலை. ஆனால் அவருக்கு ஷீட் போடுவதில் இருக்கும் பெருமையைவிட ஒட்டுப் போடுவதில்தான் பெருமை அதிகம். ஷீட்டில் விரிசல் விட்டால் மற்ற மேஸ்திரிகள் கொஞ்சம் சிமெண்டை அப்பிவிட்டுப் போவார்கள். கிழிந்த சட்டையில் வேறு நிறத் துணியை வைத்துத் தைத்த மாதிரி அது தெருக்கோடிவரை தெரியும். அப்பா அப்படிச் செய்ய மாட்டார். பழைய பனியனைப் பட்டை பட்டையாகக் கிழித்து, சிமெண்ட் பாலில் முக்கி, விரிசல்மேல் படுக்க வைத்து, ஷீட்டின் மேடு பள்ளத்துக்கு ஏற்றபடி விரலால் நீவி விடுவார். காய்ந்ததும் அதன்மேல் சக்கைத் தண்ணீரைப் பூசுவார். அதற்குமேல் கொஞ்சம் அடுப்புக்கரி. கடைசியாகக் குளியலறைப் பின்சுவரிலிருந்து சுரண்டிய பாசியைச் சோறு வடித்த கஞ்சியில் குழைத்து அங்கங்கே ஒட்டுவார். பூசி முடித்துவிட்டால் ஒட்டு எங்கே இருக்கிறது என்று அவரே தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

"ஒட்டுன்னா தெரியக் கூடாது. தெரிஞ்சா அது ஒட்டு இல்ல, புண்ணுக்குப் போட்ட கட்டு" என்பார்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் நகராட்சி வண்டி ஒலிபெருக்கியோடு தெருவுக்குள் வந்தது. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டில் கல்நார் இருக்கிறது, அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது, ஆகவே இனிமேல் வீடுகளில் அந்த ஷீட்டை யாரும் அறுக்கவோ, துளைக்கவோ, ஆணி அடிக்கவோ, உடைக்கவோ கூடாது என்று வண்டி சொன்னது. புதிதாக வாங்கிப் போடவும் கூடாது. ஏற்கெனவே இருக்கும் கூரைகளை அதிகாரி வந்து பார்ப்பார். முழுசாக இருந்தால் மஞ்சள் ஸ்டிக்கர். கை படாமல் அப்படியே இருக்கட்டும் என்று அர்த்தம். விரிசலோ ஒட்டோ இருந்தால் சிவப்பு ஸ்டிக்கர். நகராட்சியே ஆள் அனுப்பி ஷீட்டைப் பத்திரமாகக் கழற்றிக்கொண்டு போய், காசு வாங்காமல் தகரக் கூரை போட்டுக் கொடுக்கும். வேண்டுமென்றே உடைத்தால் அபராதமும் உண்டு, கூரையும் கிடையாது.

இதைக் கேட்ட அன்று முதல் தெருவில் எல்லாருடைய குணமும் மாறிப்போனது. கூரையில் பூனை ஓடினால் செருப்பை எடுத்து வீசுகிறவர்கள், இப்போது மீன் தலையை எடுத்துக் கூரைமேல் வீசினார்கள். எங்கள் எதிர்வீட்டுத் தையல்கார மாமா வீட்டில் காற்றுக்குத் தண்ணீர்த் தொட்டி மூடி பறந்து வந்து கூரையில் விழுந்து ஒரு ஷீட் இரண்டாகப் பிளந்தது. அவர் வாசலில் நின்று, லாட்டரி விழுந்தவர் மாதிரி எல்லாருக்கும் அதைக் காட்டினார்.

"ஷீட்டு, நீ போட்ட கூரைதான். எப்படிப் பொளந்திருக்கு பாத்தியா?"

"என் ஷீட்டுக்கு என்ன கொறை? தொட்டி மூடி சரியில்ல" என்றார் அப்பா.

தையல்கார மாமாவின் கூரையைக் கழற்ற ஆட்கள் வந்தார்கள். தலை முதல் கால்வரை வெள்ளை உடுப்பு, முகமூடி, கையுறை. ஷீட்டைத் தண்ணீர் அடித்து நனைத்து, பச்சைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி இறக்கி, தடித்த பிளாஸ்டிக்கில் சுற்றினார்கள். அப்பா வாசலில் பனியனோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஷீட்டுகளை அவர் வாயில் பீடியோடு, வெறும் கையால், ரம்பத்தால் அறுத்துப் போட்டவர். அன்றைக்கெல்லாம் அவருடைய புருவம்கூட வெள்ளையாக இருக்கும். அதைத் தட்டிவிட்டுவிட்டுச் சாப்பிட உட்காருவார்.

"இந்தக் கூத்தைப் பாரு. நான் கட்டிப் பொரண்ட சாமான இவன் உறை மாட்டித் தொடுறான்" என்றார். சிரிக்கிற மாதிரிதான் சொன்னார். ஆனால் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை.

எங்கள் வீட்டிலும் சிவப்பு ஸ்டிக்கர் வந்தே ஆகவேண்டிய காரணம் ஒன்று இருந்தது. அக்காவின் மகன். ஒன்றரை வயது. உருளைக்கிழங்கு மாதிரி எந்தப் பக்கம் வைத்தாலும் உருண்டுபோவான், அதனால் உருளை. அக்கா ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை பார்க்கிறாள். பகலில் உருளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. எங்கள் மாடி அறையில் விட்டால் அம்மாவும் நானும் பார்த்துக்கொள்வோம். நான் பள்ளிக்கூடத்தை விட்டு வீட்டில்தான் இருக்கிறேன். கீழே இருக்கும் ஒற்றை அறையில் அடுப்பும் கட்டிலும் போக இடமில்லை. மாடி அறைக்கு மேலேதான் ஷீட். மூலையில் அம்மா தொட்டில் கட்டில்கூட வாங்கிப் போட்டுவிட்டாள். ஆனால் அக்கா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள்.

"அந்தக் கூரை இருக்கிற வரைக்கும் என் பிள்ளை அந்த வீட்டுப் படி ஏற மாட்டான்."

போனில் ஸ்பீக்கர் போட்டிருந்தது. அப்பா கேட்டுக்கொண்டிருந்தார். "நீ அதுக்குக் கீழதான வளந்த? உனக்கு மூக்கு இல்லாமப் போச்சா, காது இல்லாமப் போச்சா?"

"எனக்கு ஒண்ணும் ஆகலப்பா. உங்களுக்குத்தான் இருமல் கூடிக்கிட்டே போகுது. ஒரு படம் எடுக்க வாங்கன்னா வர மாட்டேங்கறீங்க."

"யாருக்கு இருமல்? தொண்டையைச் செருமினேன்" என்றவர் அதற்குப் பிறகு போன் வைக்கும்வரை செருமிக்கொண்டே இருந்தார்.

அம்மா அவரிடம் எல்லா விதத்திலும் பேசிப் பார்த்துவிட்டாள். "அதிகாரி வந்தா, ஒட்டுப் போட்டிருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அவ்வளவுதான். பேரன் வந்துருவான்."

"என் வீட்டுக் கூரை உடைஞ்சிருக்குன்னு என் வாயால சொல்லணுமா? நாளைக்குத் தையல்காரன் என்ன சொல்லுவான்? ஷீட்டு வீட்டு ஷீட்டே ஓட்டைன்னு பாட்டுப் படிப்பான்."

"ஓட்டைதான."

"எங்க இருக்கு, காட்டு."

அம்மாவால் காட்ட முடியாது. அதுதான் சிக்கல்.

அதிகாரி வருவதற்கு முந்தின நாள் காலை நல்ல மழை. மாடி அறையில் தொட்டில் கட்டிலுக்கு நேர் மேலே சொட்டத் தொடங்கியது. அம்மாவுக்கு வந்த சந்தோஷத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. கட்டிலை நகர்த்திவிட்டு வாளியை வைத்து, அது நிறைகிறதைக் கன்னத்தில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "யாரும் வாளியை எடுக்கக் கூடாது. நாளைக்கு வர்ற மேடத்துக்குக் காட்டணும்" என்று சொல்லிவிட்டுக் கடைத்தெருவுக்குப் போனாள்.

அவள் தெரு திரும்பியதும் அப்பா ஏணியோடு வந்தார். மழை விட்டு வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

"அம்மாடி, கொஞ்சம் பிடி."

யாராவது ஏதாவது கேட்டால் மாட்டேன் என்று சொல்ல எனக்கு வராது. தொண்டைவரை வந்து அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். ஏணியைப் பிடித்தேன். பனியன் பட்டை, சிமெண்ட் பால், சக்கைத் தண்ணீர், கரி, பாசி. எல்லாவற்றையும் நான்தான் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். கூரைக்கு வெளியே முடித்துவிட்டு உள்ளே வந்து, சீலிங்கிலும் கறை தெரியாமல் அதே மாதிரி பூசினார். பிறகு கீழே இறங்கி என் பக்கத்தில் நின்று அண்ணாந்து பார்த்தார்.

"தெரியுதா?"

"தெரியலப்பா."

"நல்லாப் பாரு."

"நெசமா தெரியல."

அவர் முகம் மலர்ந்தது. அப்புறம் கொஞ்ச நேரத்தில் தானாகவே சுருங்கியது. "அதான் வேலை. ஆனா என்ன புண்ணியம் சொல்லு. தாறுமாறா ஒட்டுறவன்கிட்ட, யாருப்பா ஒட்டுனதுன்னு நாலு பேரு கேப்பான். நான் ஒட்டுனா ஒருத்தனும் கேக்க மாட்டான். ஒட்டுனதே தெரியாதே."

அதைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது.

மறுநாள் அதிகாரி வந்தார். அவரைத் தெருவே 'கூரை மேடம்' என்று அழைக்கத் தொடங்கியிருந்தது. சின்ன வயதுதான். கழுத்தில் முகமூடி, கையில் நீளமான டார்ச், தோளில் கேமரா. கூடவே பெரிய மீசை வைத்த உதவியாளர். அவர் முகத்தில் அலுப்பு எழுதி ஒட்டியிருந்தது. காரணம் பிறகுதான் தெரிந்தது. பின்தெருவில் ஒரு வீட்டில் நல்ல ஷீட்டில் கரியால் விரிசல் வரைந்து வைத்திருந்தார்களாம். மேடம் ஈரத்துணியால் ஒரு இழுப்பு இழுத்ததும் விரிசல் துணியோடு வந்துவிட்டதாம்.

அம்மா அவர்களை நேராக வாளிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். "பாருங்க மேடம். நேத்துப் பெஞ்ச மழைக்கு நெறைஞ்சது."

மேடம் டார்ச்சை மேலே அடித்தார். சீலிங் பழைய பழுப்பு நிறத்தில் முழுசாக, அமைதியாக இருந்தது.

"இங்க ஒழுகுன மாதிரி தெரியலையேம்மா."

அம்மா அண்ணாந்து பார்த்தாள். அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது போல, வாளியைப் பார்த்தாள், மறுபடி மேலே பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். அப்பா தன் கட்டைவிரல் நகத்தை ரொம்ப அக்கறையாக ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"வாளிக்குத் தண்ணி குழாய்லயும் வரும்மா" என்றார் மீசைக்காரர்.

மேடம் வெளியே போய் ஏணியில் ஏறி மேல்பக்கத்தையும் பார்த்தார். ஷீட்டை மிதிக்கவில்லை. தொடவும் இல்லை. டார்ச்சை மட்டும் சாய்த்துச் சாய்த்து அடித்தார். இறங்கி உள்ளே வந்து பையிலிருந்து மஞ்சள் ஸ்டிக்கரை எடுத்தார்.

அம்மா எதுவும் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தால் வீட்டில் கரண்ட் போன மாதிரி இருக்கும். தொட்டில் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதில் உருளைக்காக வாங்கிய சின்னத் தலையணை, உறைகூடப் பிரிக்காமல் கிடந்தது.

"நல்ல ஷீட்டுங்கய்யா. கம்பெனிக்காரன் தரமாப் பண்ணிருக்கான். ஒரு கை படாம அப்படியே இருக்கு" என்றார் மேடம் அப்பாவிடம்.

அப்பா சிரித்தார். சிரிப்பின் ஓரம் மட்டும் கொஞ்சம் கோணியது. "கம்பெனிக்காரனா?"

"சும்மா விட்டா ஷீட்டு சும்மா இருக்கும் மேடம்" என்றார் மீசைக்காரர். "இவங்க ஒண்ணும் பண்ணாம விட்டதாலதான் தப்பிச்சுது."

"ஒண்ணும் பண்ணாம விட்டதாலயா?" என்றார் அப்பா, மெதுவாக.

நான் கதவோரம் நின்றிருந்தேன். வெளி ஆட்கள் வந்தால் என் இடம் அதுதான். மேடம் ஸ்டிக்கரின் பின்தாளை உரிக்கத் தொடங்கினார். என் வாய் தானாகத் திறந்தது.

"ஆமா மேடம். அப்பாவுக்கு இந்த ஒட்டு வேலையெல்லாம் வராது."

சொன்னது யார் என்று நானே ஒரு நொடி திரும்பிப் பார்த்தேன். அம்மாவின் வாய் திறந்தபடி நின்றது. அப்பா ஏணிப்படி ஒடிந்த மாதிரி என் பக்கம் திரும்பினார்.

"யாருக்கு வராது?"

நான் தரையைப் பார்த்தேன்.

"யாருக்கு வராது? எனக்கா?" அவர் மேடத்தின் பக்கம் திரும்பினார். "மேடம், அந்த லைட்ட இப்படிக் குடுங்க."

"எதுக்குங்கய்யா?"

"குடுங்க சொல்றேன்." டார்ச்சை வாங்கி மேலே அடித்தார். "இது என்ன தெரியுதா?"

"ஷீட்டு."

"ஷீட்டா? கண்ணைத் தொறந்து பாருங்க. இது என் பனியன். போன வருசம் போட்டது. இங்கேருந்து இதுவரைக்கும் ஒரு முழ நீளத்துக்கு விரிசல், உள்ள படுத்துத் தூங்குது. இந்தா, இது நேத்து மத்தியானம். இன்னும் ஈரம்கூடக் காயல. தெரியுதா?"

மேடம் எக்கிப் பார்த்தார். "தெரியலையே."

"தெரியாது. தெரிஞ்சா நான் எதுக்கு?" அப்பாவின் குரல் கச்சேரி மாதிரி ஏறிக்கொண்டே போனது. "இது தென்னமட்டை விழுந்தது. இது பூனை குட்டி போட்டப்ப. இந்த மூலை பூராவும் ஒட்டுத்தான், ஷீட்டுன்னு சொல்லிக்க நடுவுல கொஞ்சம் இருக்கு." மீசைக்காரர் விரல்விட்டு எண்ணத் தொடங்கி, இரண்டு கையும் தீர்ந்ததும் விட்டுவிட்டார்.

"நெறம் எப்படிங்கய்யா இவ்வளவு ஒத்துப்போகுது?" என்று மேடம் கேட்டார். அது பொய்யில்லாத கேள்வி. யாரும் அப்பாவிடம் கேட்டிராத கேள்வி.

"தேயிலைச் சக்கை" என்றார் அப்பா. "அதுலயும் ரெண்டாந்தரம் டீ போட்டு வடிச்ச சக்கை. முதல் வடியில செவப்பு தூக்கிக் காட்டும்."

"இத்தனை வருசமா நீங்க போட்டுக் குடுத்த டீ தண்ணியா இருந்த ரகசியம் இதானா?" என்றாள் அம்மா. கரண்ட் வந்துவிட்டது.

மேடம் ஒவ்வொரு ஒட்டையும் போட்டோ எடுத்தார். அப்பா ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நின்றார். "இந்த ஷீட்டையெல்லாம் அறுத்ததும் நீங்கதானா?" என்று மேடம் கேட்டபோது, "வேற எவன் அறுப்பான்? இந்தத் தெரு பூரா என் ரம்பம்தான்" என்று நெஞ்சைத் தட்டிக்கொண்டார். தட்டியதில் இருமல் வந்தது. செருமல் என்று சொல்லக்கூட இடைவெளி கிடைக்காத இருமல். மேடம் அது நிற்கும்வரை காத்திருந்துவிட்டு, ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். ஷீட் அறுத்த தொழிலாளர்களுக்கு நெஞ்சுப் பரிசோதனை, செலவு நகராட்சியுடையது. அப்பா அதைப் பரிசு வாங்குகிற மாதிரி வாங்கிக்கொண்டார்.

அப்போதுதான் மேடம் தன் கையிலிருந்த மஞ்சள் ஸ்டிக்கரைப் பார்த்தார்; அதைப் பையில் வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தார்.

"என்ன மேடம், செவப்பு எடுக்கறீங்க?"

"ஒட்டு இருந்தா செவப்புதான்யா."

"ஆனா தெரியலைன்னு நீங்கதான சொன்னீங்க?"

"தெரியலைதான். நீங்கதான காட்டுனீங்க."

 அப்பா டார்ச்சை அணைத்துத் திருப்பிக் கொடுத்தார். மேடம் கதவு நிலையில் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டினார். அதன் ஒரு மூலை மடங்கியிருந்தது. அப்பா போய் அதைக் கட்டைவிரலால் நீவிச் சரிசெய்தார். அரைகுறையாக ஒட்டினால் அவருக்குப் பொறுக்காது.

அதற்குப் பிறகு என்னிடம் அவர் பேசவில்லை. தட்டு, டம்ளர் எல்லாவற்றையும் அம்மா வழியாகவே கேட்டார். ஒருநாள் நான் மாடிப்படி பெருக்கிக்கொண்டிருந்தபோது வந்து நின்றார்.

"எனக்கு ஒட்டு வராதா?"

"வரும்பா."

"பின்ன?"

"உருளை வரணும்ல."

அவர் தொண்டையைச் செருமினார். நிஜச் செருமல். "வாயே தொறக்காத பிள்ளை, தொறந்தா இப்படியா தொறக்கும்" என்று சொல்லிக்கொண்டே இறங்கிப் போனார்.

வெள்ளை உடுப்புக்காரர்கள் வந்து எங்கள் கூரையைக் கழற்றிய அன்று தையல்கார மாமா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். "என்ன ஷீட்டு, உன் வீட்டுக்கும் தொட்டி மூடிதான் காரணமா?" என்றார். அந்த நேரம் பார்த்து, இறக்கும்போது ஒரு ஷீட் உடுப்புக்காரர் கையிலிருந்து வழுக்கி உடைந்தது. எல்லாரும் பின்வாங்கினார்கள். உடுப்புக்காரர்கள் அவசரமாகத் தண்ணீர் அடித்துத் துண்டுகளைப் பொறுக்கினார்கள். பொறுக்கும்போது அவர்களில் மூத்தவர் ஒரு துண்டைத் திருப்பிப் பார்த்து, முகமூடிக்குள்ளிருந்து ஏதோ சொன்னார். ஷீட் மூன்று இடத்தில் உடைந்திருக்கிறது, ஒட்டுப் போட்ட இடம் மட்டும் உடையவில்லை என்று சொன்னாராம். அதை அப்பா தெருவில் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். தையல்கார மாமாவுக்கு மட்டும் தனியாகப் பலமுறை.

நெஞ்சுப் படத்தை அக்காவேதான் எடுத்தாள். மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னதும் அவர் தெருச்சண்டைக்குப் போகிறவர் மாதிரி நெஞ்சை விரித்து நின்றாராம். டாக்டர் படத்தைப் பார்த்து, தூசியின் தடம் இருக்கிறது, பீடியை விடவேண்டும், வருடா வருடம் வந்து காட்டவேண்டும் என்றார். வீட்டுக்கு வந்து அப்பா படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து எங்களுக்குக் காட்டினார்.

"அங்கங்க வெள்ளையா இருக்கு பாரு. ஒட்டு மாதிரி."

அம்மா ரொம்ப நேரம் பார்த்தாள். "நல்லவேளை, அதுக்கும் தேயிலை பூசி மறைக்காம விட்டீங்க" என்றாள். படத்தை வாங்கி உறைக்குள் வைக்கும்போது, ஓரம் மடங்காமல் பார்த்து வைத்தாள். பீடிக்கட்டு மறுநாளே குப்பைக்கூடையில் கிடந்தது. யார் போட்டது என்று யாரும் கேட்கவில்லை.

உருளை இப்போது தினமும் காலையில் வருகிறான். மாடி அறையில் ஒரு சுவரிலிருந்து இன்னொரு சுவருக்கு உருண்டு போகிறான். புதுக் கூரையில் முதல் மழை பெய்தபோது சத்தம் கேட்டு மிரண்டு அழ வாயைத் திறந்தான். பிறகு என்ன நினைத்தானோ, மேலே பார்த்துக் கை தட்டினான். அம்மா அடுப்படியில் டீ வடிகட்டி, சக்கையை முழுதாகக் குப்பையில் கொட்டினாள். கொட்டும் சத்தம் மாடிவரை கேட்கும்படியாகவே கொட்டினாள்.

அப்பா அறை நடுவில் உள்ளங்கையை விரித்து நீட்டியபடி ஒவ்வொரு இடமாக நகர்ந்து நகர்ந்து நின்றார். ஒரு சொட்டும் விழவில்லை. கடைசியில் தொட்டில் கட்டிலுக்கு நேர் மேலே இருந்த ஒரு திருகாணியைக் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார்.

"அம்மாடி, அந்த ரப்பர் வாஷரைப் பாத்தியா? எண்ணி அஞ்சே வருசம். அப்புறம் ஒழுகும்" என்றார்.

அவர் முகத்தில் அவ்வளவு நம்பிக்கை.